அம்பத்தூர் எஸ்டேட்டும் ஜாப் ஆர்டர் பட்டறைகளும்

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைப் பிரித்து 1997-இல் திருவள்ளூர் மாவட்டம் உருவாக்கப்பட்டபோது, எண்ணூர், திருவொற்றியூர், பாடி, அம்பத்தூர், ஆவடி என்று சென்னையின் வடக்கையும் மேற்கையும் வளைத்து நின்ற தொழிற்பகுதி முழுவதும் அதன் எல்லைக்குள் வந்தது. 2018-இல் சென்னை மாவட்டம் விரிவாக்கப்பட்டு அம்பத்தூர், திருவொற்றியூர், மாதவரம், மதுரவாயல் ஆகிய வட்டங்கள் அதனுடன் சேர்க்கப்பட்டதால், அப்பகுதியின் மூத்த தொழிற்சாலைகளில் பல இன்று வேறொரு ஆட்சியரின் ஆளுகைக்குள் இருக்கின்றன. ஆயினும் எண்ணூரில் ஓடும் லாரிக்கு அம்பத்தூரில் கடைந்த புஷ்ஷும் ஆவடியில் இழுத்த குழாயும் தேவைப்பட்ட ஒரு வட்டாரத்தின் வரலாற்றை வருவாய்த் துறையின் எல்லைக்கோட்டை வைத்து எழுத இயலாது என்பதால், இக்கட்டுரை பழைய எல்லையையே கொள்கிறது.

அண்மைக் காலத்தில் இவ்வட்டாரத்தைப் பற்றி அரசு அறிவிப்புகளிலும் மாநாட்டு மேடைகளிலும் பேசும்போது ‘புத்தொழில்’ என்ற சொல் தவறாமல் இடம்பெறுகிறது. புதிய பொருளையோ சேவையையோ முன்வைத்து, வெளியார் முதலீட்டைப் பெற்று, குறுகிய காலத்தில் பெருக முயலும் இளம் நிறுவனத்தை, அதாவது ஸ்டார்ட்அப்பை, அச்சொல் குறிக்கிறது. அத்தகைய நிறுவனங்கள் ஒரு வெற்றிடத்தில் விதைக்கப்படுவது போன்ற தோற்றத்தை இப்பேச்சு உண்டாக்குகிறது. உண்மையில் கடன் வாங்கி ஒரு லேத்தை நிறுவி, யாரோ ஒரு பெரிய ஆலையின் வரைபடத்தை நம்பித் தொழில் தொடங்கியவர்கள் அறுபது ஆண்டுகளாக இங்கே வாழ்ந்து வருகிறார்கள். இவ்வட்டாரத்தின் தொழில்நுட்பச் சமூகம் அவர்களிடமிருந்து உருவானது; அதன் வலிமையும் குறையும் அவர்களுக்கு வேலை வந்து சேர்ந்த முறையிலேயே அடங்கியிருக்கின்றன.

வெளியிலிருந்து வந்த தொழில்நுட்பம் இம்மண்ணில் இறங்குவது புதிதன்று. பழவேற்காட்டில் 1613-இல் கெல்ட்ரியா கோட்டையை எழுப்பிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, அங்கே வெடிமருந்து ஆலை ஒன்றை நடத்தி ஆசியாவெங்கும் இருந்த தன் கிடங்குகளுக்கு அனுப்பியது. 1836-37-இல் ஆர்தர் காட்டன் என்ற படைப்பொறியாளர், சாலை போடுவதற்கான செம்புரைக்கல்லைச் செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்குக் கொண்டுவர இருப்புப்பாதை ஒன்றை அமைத்தார். இந்தியாவின் முதல் இருப்புப்பாதை என்று கருதப்படும் அதில் சுழல்வகை நீராவி எந்திரம் சோதித்துப் பார்க்கப்பட்டாலும், வண்டிகளைப் பெரும்பாலும் கால்நடைகளே இழுத்தன. பத்தாண்டுக்குள் அப்பாதை கைவிடப்பட்டது. இவ்விரண்டும் உள்ளூரில் கைத்திறன் எதையும் விட்டுச்செல்லவில்லை என்பதால் அவற்றை முன்னோடிகள் என்று அழைப்பது மிகையாகும். அவற்றைவிட, ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856-இல் திறக்கப்பட்டு அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர் வழியே மேற்கே சென்ற ரயில் பாதைதான் பின்னாளில் ஆலைகள் அமைந்த இடங்களைத் தீர்மானித்தது.

நவீன தொழில் வரலாறு விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் தொடங்குகிறது. 1946-இல் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் விளையாட்டுப் பலூன் செய்யத் தொடங்கினார். 1952-இல் தேய்ந்த டயருக்கு மறுதளம் போட உதவும் டிரெட் ரப்பருக்கு மாறி, 1961-இல் டயரே தயாரிக்கும் நிலைக்கு வந்த அந்நிறுவனமே எம்.ஆர்.எஃப். அதே கரையில் எண்ணூரில் 1948-இல் ரகுநந்தன் சரண் நிறுவிய அசோக் மோட்டார்ஸ் முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிக் கொடுத்தது. பின்னர் பிரிட்டனின் லேலண்ட் நிறுவனத்துடன் சேர்ந்து 1955-இல் அசோக் லேலண்டாகி லாரித் தயாரிப்பில் இறங்கியது. அதே 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் கூட்டாகத் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, ராணுவம் கேட்ட புல்லட் வண்டிகளைத் திருவொற்றியூரில் தயாரிக்கலானது. தாய் நிறுவனம் 1970-ஐ ஒட்டி இங்கிலாந்தில் மூடப்பட்ட பிறகும் திருவொற்றியூரில் வண்டி வெளிவந்துகொண்டே இருந்தது என்பது, கற்றுக்கொண்டவரிடம் தொழில் தங்கிவிட்டதற்கு இவ்வட்டாரம் தரும் தெளிவான சான்று.

கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளிய பக்கத்தில் முருகப்பா குழுமம் பர்மிங்காமின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்துடன் 1949-இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது, சைக்கிளுக்கு எஃகுக் குழாய் வேண்டியிருந்ததால் 1955-இல் ஆவடியில் டியூப் புராடக்ட்ஸும், சங்கிலி வேண்டியிருந்ததால் 1960-இல் டி.ஐ. டயமண்ட் செயினும் பின்தொடர்ந்தன. டன்லப் 1959-இல் அம்பத்தூருக்கு வந்தது. டி.வி.எஸ். குடும்பத்து நிறுவனங்களான லூகாஸ்-டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன், சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் ஆகியவை 1960-களில் பாடியில் அடுத்தடுத்து எழுந்தன. பேருந்து நிறுத்தங்கள் இன்றும் ‘லூகாஸ்’, ‘டன்லப்’ என்றே அழைக்கப்படுகின்றன. டன்லப் ஆலையின் சங்கு ஓய்ந்து நெடுநாளாகியும் நடத்துநர் குரலில் அப்பெயர் ஓயவில்லை.

இத்தனை ஆலைகளும் ஓரிடத்தில் குவிந்தது தற்செயலாக நேர்ந்ததன்று; அதன் பின்னே ஒரு கொள்கை முடிவு நின்றது. வெளிநாட்டிலிருந்து உதிரிபாகங்களை இறக்கி இங்கே பூட்டி விற்பது மட்டுமே செய்த நிறுவனங்களுக்கு இனி இடமில்லை என்றும், படிப்படியாக உள்நாட்டிலேயே பாகங்களைத் தயாரிக்கும் திட்டம் உடையவையே நீடிக்கலாம் என்றும் சுங்கவரி ஆணையம் 1953-இல் பரிந்துரைத்ததை அரசு ஏற்றுக்கொண்டது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் நாட்டை விட்டு விலகின. லேலண்ட் நிபந்தனைக்கு உடன்பட்டது. ஒரு லாரிக்கு வேண்டிய ஆயிரக்கணக்கான பாகங்களை ஒரே ஆலை தயாரிக்க முடியாது என்பதால், அவற்றைத் தயாரிக்கும் துணைத் தொழில்கள் சுற்றிலும் முளைப்பது கட்டாயமாயிற்று. பாடியின் பிரேக், டைனமோ, சக்கரம், போல்ட் எல்லாம் அக்கட்டாயத்தின் பிள்ளைகள்.

இப்பகுதியில் நடந்த பெரிய கூட்டங்களுள் அரசியல் வரலாறு நன்கறிந்த ஒன்று தொழில் வரலாற்றுக்கும் உரியது. 1955 ஜனவரியில் ஆவடியில், யு. என். தேபர் தலைமையில், காமராசர் முதலமைச்சராக இருந்த மாநிலத்தில் கூடிய காங்கிரஸ் மாநாடு, சோசலிச பாணிச் சமுதாயத்தைக் குறிக்கோளாக ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது. அத்தீர்மானத்தின் வழியில் 1956-இன் தொழிற்கொள்கையும் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டமும் கனரகத் தொழிலைப் பொதுத்துறைக்கு ஒதுக்கியதையே பலரும் நினைவுகூர்கின்றனர். ஆனால் அதே ஆண்டுகளில், ஃபோர்டு அறக்கட்டளை அனுப்பிய வல்லுநர் குழுவின் 1954-ஆம் ஆண்டு அறிக்கையைத் தொடர்ந்து, சிறுதொழிலுக்கென ஓர் அமைப்பும், நான்கு மண்டலங்களில் தொழில்நுட்ப ஆலோசனை நிலையங்களும், 1955-இல் தேசிய சிறுதொழில் கழகமும் தோன்றின. இக்கழகம் எந்திரங்களைத் தவணை முறையில் வழங்கியதால், முழு விலையையும் கையில் வைத்திராத ஒரு டர்னரும் லேத்துக்குச் சொந்தக்காரராகும் வாய்ப்பு முதன்முறையாகக் கிட்டியது. அம்பத்தூரின் பிற்கால வரலாற்றுக்கு அம்மாநாட்டுத் தீர்மானத்தைவிட இந்தத் தவணைத் திட்டமே அதிகம் உதவியது என்று கூறுவது பிழையாகாது.

கடனுக்கு அடுத்த தேவை இடம். தொழிற்பேட்டை என்பது நிலத்தைச் சமன்படுத்தி, சாலை, மின்சாரம், நீர் ஆகியவற்றை முன்கூட்டியே அமைத்து, மனையாகவோ கட்டிய கூடமாகவோ தொழில் முனைவோருக்கு அளிக்கும் ஏற்பாடாகும். இங்கிலாந்தின் மான்செஸ்டரில் 1896-இல் தொடங்கிய டிராஃபோர்டு பார்க் இதற்கு மூத்த முன்மாதிரி. அங்கே ஒரு தனியார் கம்பெனி நிலத்தை விற்று லாபம் பார்த்தது. இந்தியாவில் அரசே இப்பொறுப்பை ஏற்றுச் சிறுதொழிலுக்கென்று திட்டத்தை மாற்றியமைத்தது. சென்னையில் 1958-இல் கிண்டித் தொழிற்பேட்டை தோன்றியது. ஆர். வெங்கட்ராமன் தொழில் அமைச்சராக இருந்த 1957 முதல் 1967 வரையிலான பத்தாண்டில் மாநிலமெங்கும் பேட்டைகள் பரவின. கிண்டியில் இடம் போதாமல் போனபோது, ரயில் பாதையும் பெரிய ஆலைகளும் ஏற்கெனவே அமைந்திருந்த அம்பத்தூர் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1960-களின் நடுவில் ஆயிரம் ஏக்கரைத் தாண்டிய பேட்டை உருவானது. 1970-இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு சிறுதொழில் வளர்ச்சிக் கழகமான சிட்கோ பின்னர் அதன் பொறுப்பை ஏற்றது. ‘நார்த் ஃபேஸ்’, ‘சவுத் ஃபேஸ்’ என்று இரண்டாகப் பிரிந்து கிடக்கும் அதை ஊர்மக்கள் வெறுமனே ‘எஸ்டேட்’ என்பார்கள்.

எஸ்டேட்டின் உயிர்மூச்சு ஜாப் ஆர்டர் என்ற ஏற்பாடு. பெரிய ஆலை தனக்குத் தேவையான பாகம் ஒன்றின் வரைபடத்தையும் மாதத்துக்கு எத்தனை உருப்படி என்ற எண்ணிக்கையையும் சிறு பட்டறையிடம் கொடுக்கும். மூலப்பொருளைச் சில வேளை ஆலையே கொடுத்துக் கூலியை மட்டும் பேசும், சில வேளை பட்டறையே வாங்கிப் போட வேண்டும். 1970-களின் பட்டறை ஒன்றில் இரும்புக் கம்பியிலிருந்து ஒரு சிறு புஷ், அதாவது துளையுள்ள உருளை, தயாராகும் விதத்தைக் கவனித்தால் இம்முறையின் நுட்பம் விளங்கும். அங்கே இருப்பது கேப்ஸ்டன் லேத். அதன் ஒரு தலையில் கம்பி சுழலும், எதிர்ப்புறத்தில் அறுமுகமுடைய சுழல்தலை ஒன்றில் ஆறு கருவிகள் வரிசையாகப் பொருத்தப்பட்டிருக்கும். துளையிடுவது, துளையை விரிப்பது, விளிம்பைச் சீவுவது, வெட்டி எடுப்பது என்று எந்தக் கருவி எத்தனை தூரம் செல்ல வேண்டும் என்பதை செட்டர் எனப்படும் அனுபவசாலி காலையில் அளந்து நிறுத்திவிடுவார். அதன்பின் பக்கத்தில் நிற்கும் ஆபரேட்டர், கைப்பிடியைச் சுழற்றி அதே அசைவுகளை மாலை வரை திரும்பத் திரும்பச் செய்தால் போதும்.

வெளிவந்த உருப்படியைச் சோதிக்க விலையுயர்ந்த அளவுக்கருவி தேவைப்படாது. ‘கோ, நோ-கோ கேஜ்’ என்ற எளிய எஃகுத் துண்டு மேசையில் இருக்கும். அதன் ஒரு முனை துளைக்குள் தடையின்றி நுழைய வேண்டும். மயிரிழையளவு கூடுதல் பருமனான மறுமுனை நுழையவே கூடாது. இரண்டு முனைகளின் பருமனுக்கும் இடையிலுள்ள வேறுபாடுதான் வரைபடம் அனுமதிக்கும் டாலரன்ஸ், அதாவது குறித்த அளவிலிருந்து கூடவோ குறையவோ விடப்பட்ட இடைவெளி. மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்காகிய மைக்ரான் கணக்கில் அது குறிக்கப்படும். படிக்கத் தெரியாதவர்கூட உருப்படி தேறுமா தேறாதா என்று ஒரு நொடியில் சொல்லிவிடக்கூடிய இந்தச் சிறு கருவி இல்லையென்றால், பெரிய ஆலையின் துல்லியம் தகரக் கூரைக்கு அடியில் இருந்த பட்டறைக்கு வந்தே இருக்காது. செட்டிங் ஒருவரிடமும் ஓட்டுதல் இன்னொருவரிடமும் பிரிந்திருந்ததால், ஒரு பட்டறை தொடங்க வேண்டியது ஒரு செட்டரும் ஒரு மெஷினும் ஓர் ஆர்டரும் மட்டுமே. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பயிற்சியாளர் சட்டத்தின்படி பெரிய ஆலைகள் இளைஞர்களை அப்ரெண்டிஸாக எடுத்துப் பழக்கியாக வேண்டியிருந்தது, அவர்களிலும் ஐ.டி.ஐ. முடித்த ஃபிட்டர்களிலும் டர்னர்களிலும் துணிச்சல் மிக்கவர்கள் வேலையை விட்டு வந்து, பழைய முதலாளிக்கே பாகம் செய்து கொடுக்கும் பட்டறைக்காரர்களானார்கள்.

இம்முறையில் வளர்ந்த அறிவு வரைபடத்தைப் படிப்பதிலும், ஜிக், ஃபிக்சர் போன்ற பிடிகருவிகளை அமைப்பதிலும், டை வெட்டுவதிலும், வீணாகும் உலோகத்தைக் குறைப்பதிலும் குவிந்தது. எந்தப் பொருள் செய்வது என்று முடிவு செய்யும் உரிமை பட்டறையிடம் ஒருபோதும் இருந்ததில்லை. காப்புரிமை ஏட்டில் பெயர் ஏறாத இந்தத் திருத்தங்களைப் புதுமை என்று கணக்கிட வரலாற்றாசிரியர்கள் தயங்குவதுண்டு. ஆனால் அதே பிரேக் பாகத்தை அதே கம்பியிலிருந்து முன்னைவிடக் குறைந்த நேரத்தில் எடுத்துக்காட்டிய செட்டரைப் புதுமை செய்தவராகக் கருதாவிட்டால், இவ்வட்டாரத்தில் கருதத்தக்கவர் வெகு சிலரே எஞ்சுவர்.

ஆவடியின் கதை சற்று வேறு. இரண்டாம் உலகப் போர்க்காலத்து ராணுவக் கிடங்குகள் இருந்த அவ்வூரில் கனரக வாகனத் தொழிற்சாலை அமைந்து, பிரிட்டனின் விக்கர்ஸ் வடிவமைப்பை அடிப்படையாகக் கொண்ட விஜயந்தா டாங்கி 1965-இல் வெளிவந்தது. 1976-இல் போர்வாகன ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனம் தனியாக அங்கே உருவானது. 1974-இல் ஒப்புதல் பெற்ற அர்ஜுன் டாங்கி 2004-இல்தான் படையிடம் ஒப்படைக்கப்பட்டது. இந்த முப்பதாண்டு இடைவெளியை எவ்வளவு விமர்சித்தாலும், வடிவமைப்பை முதலிலிருந்து தாமே செய்வதற்கும் வந்த வரைபடத்தைப் பின்பற்றுவதற்கும் உள்ள தூரத்தை அது காட்டுகிறது. கதவுகள் மூடிய ராணுவ வளாகம் என்பதால், அங்கே திரண்ட அறிவு எஸ்டேட்டுக்குக் கசிந்தது பாகங்களின் ஆர்டர் வழியாக மட்டுமே.

மேற்கிலும் வடக்கிலும் ஆலைகள் பரவியதற்கு இன்னொரு அரசு நிறுவனமே காரணம். பெரிய, நடுத்தர ஆலைகளுக்கு நிலம் ஒதுக்க 1971-இல் தொடங்கப்பட்ட சிப்காட், சென்னை-கொல்கத்தா நெடுஞ்சாலையையும் ரயில் பாதையையும் ஒட்டிய கும்மிடிப்பூண்டியில் தொழில் வளாகம் அமைத்தது. 1979-இல் கும்மிடிப்பூண்டிக்கும் திருவள்ளூருக்கும் மின்சார ரயில் ஓடத் தொடங்கியதால் வண்ணாரப்பேட்டையிலிருந்தும் வியாசர்பாடியிலிருந்தும் தொழிலாளர் தினமும் வந்து திரும்ப முடிந்தது. பழைய இரும்பை மின்தூண்டல் உலையில் உருக்கிக் கட்டுமானக் கம்பியாக இழுக்கும் ஆலைகள் அங்கே மிகுந்தன. அவற்றின் புகையையும் தூசியையும் பற்றிய ஊரார் புகார்கள் ஓய்ந்ததில்லை. திருவள்ளூருக்கு அருகில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1970-களின் தொடக்கத்தில் நிறுவிய மண்வாரி எந்திர ஆலை, முன்பு தொழில்நுட்பக் கூட்டாளியாக இருந்த கேட்டர்பில்லரின் கைக்கே 2000-ஐ ஒட்டி மாறியது; அதன் பக்கத்துக் கார் ஆலையில் 1998-இல் மிட்சுபிஷி லான்சரும், 2021-இல் சிட்ரோயன் காரும் வெளிவந்தன.

நிலம் யாருடையது என்ற கேள்வி இவ்வரலாற்றில் அடிக்கடி மறைக்கப்படுகிறது. கும்மிடிப்பூண்டி வட்டத்துத் தேர்வாய் கண்டிகையில் சிப்காட் பூங்காவுக்கு ஆயிரம் ஏக்கருக்கு மேல் எடுக்கப்பட்டு, 2009-இல் பிரான்சின் மிஷலின் டயர் நிறுவனம் அங்கே ஆலை அமைக்க ஒப்பந்தம் செய்தபோது, ஆடுமாடு மேய்ப்பதற்கும் விறகுக்கும் தாங்கள் நம்பியிருந்த பொதுநிலமும் காடும் பறிபோவதாகத் தலித்துகள் பெரும்பான்மையாக வாழும் அவ்வூரார் போராடினர். 2012-இல் அம்முறையீடு பன்னாட்டு நிறுவனங்களின் நடத்தை குறித்த ஓ.இ.சி.டி. நெறிமுறைகளின் கீழ் பிரான்ஸ் வரை சென்றது. பேட்டைகளின் வரலாற்றை ஏக்கர் கணக்கில் எழுதும்போது, அந்த ஏக்கர்களில் முன்பு மேய்ந்த மந்தையும் கணக்கில் வர வேண்டும்.

அம்பத்தூர் பட்டறைகள் தம்மை ஒரு சமூகமாக உணர்ந்ததற்கு ஐமா எனப்படும் அம்பத்தூர் தொழிற்பேட்டை உற்பத்தியாளர்கள் சங்கமே முக்கியக் காரணம். மின் கட்டணம், சாலை, வடிகால், வரி என்று மனுக்கொடுப்பதோடு நின்றுவிடாமல், தன் தொழில்நுட்ப மையத்தின் வாயிலாக ‘ஆக்மி’ என்ற எந்திரக் கண்காட்சியை ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கொரு முறை அது நடத்தி வருகிறது. நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் 2018 ஜூனில் நடந்தது 13-ஆவது கண்காட்சி. இந்திய எந்திரக்கருவி உற்பத்தியாளர் சங்கம் 1969-இல் மும்பையில் தொடங்கிப் பின்னர் பெங்களூருக்கு மாறிய இம்டெக்ஸ், நாட்டின் பெரிய கண்காட்சி என்றாலும், அது விற்பவர்கள் கூட்டிய சந்தை. ஆக்மியோ எந்திரத்தை வாங்குபவர்கள் கூட்டிய சந்தை என்பதால், கோயம்புத்தூர், பெங்களூர் எந்திர உற்பத்தியாளர்களும் ஜப்பான், தைவான் நிறுவனங்களின் முகவர்களும் அங்கே பட்டறைக்காரரின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. தன் கைப்பையில் ஓர் உருப்படியையும் அதன் வரைபடத்தையும் எடுத்து வந்து, இதை எத்தனை நொடியில் எடுப்பாய் என்று கேட்டு, ஓட்டிக் காட்டச் சொல்லும் வாடிக்கையாளர் இத்தகைய கண்காட்சிகளில் பழகிய காட்சி. செட்டிங் வேலையைக் கணினி ஏற்றுக்கொள்ளும் சி.என்.சி. எந்திரங்கள் எஸ்டேட்டில் பரவ இவ்வகைச் சந்திப்புகள் பெரிதும் உதவின.

1990-களில் இரண்டு நிகழ்வுகள் இச்சமூகத்தின் தன்மதிப்பை உயர்த்தின. சுரேஷ் கிருஷ்ணா தலைமையிலான சுந்தரம் ஃபாஸ்னர்ஸ், ஜெனரல் மோட்டார்ஸ் பிரிட்டனில் வைத்திருந்த ரேடியேட்டர் மூடித் தயாரிப்பு எந்திரங்களை முழுதாக வாங்கிச் சென்னைக்குக் கொண்டுவந்து, அந்நிறுவனத்துக்கே மூடிகளை ஏற்றுமதி செய்தது. 1998-இல் பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, தரக்கட்டுப்பாட்டில் உலகத்தின் உயர்ந்த விருதாக மதிக்கப்படும் ஜப்பானின் டெமிங் பரிசை இந்திய நிறுவனங்களுள் முதலாவதாகப் பெற்றது. பரிசு பாடிக்கு வந்தாலும் அதன் சுமையில் ஒரு பங்கு எஸ்டேட்டின் தோளில் விழுந்தது. ஏனெனில் பாகம் தரும் பட்டறைகள் தத்தம் தவறுகளை ஏட்டில் பதிந்து, காரணம் கண்டு திருத்தினாலன்றிப் பெரிய ஆலையின் தரம் நிலைக்காது. அதே ஆண்டுகளில் மறைமலை நகருக்கு ஃபோர்டும் இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாயும் வந்ததால் தொழிலின் எடை தென்மேற்கே சாய்ந்தது. கொரிய நிறுவனத்தோடு அதன் சொந்த நாட்டுப் பாகத் தயாரிப்பாளர்களும் கூடவே வந்துவிட்டதால், அம்பத்தூர் பட்டறைகள் பலவற்றுக்கு இரண்டாம், மூன்றாம் அடுக்கில்தான் இடம் கிடைத்தது.

இந்த அடுக்குமுறையின் கீழ்ப்படியில் நிற்பவருக்கு வேலையைவிடப் பணம் வருவதே பெரிய கவலை. சரக்கு போய்ச் சலானில் கையெழுத்து வாங்கியபின் மூன்று மாதம், நான்கு மாதம் காத்திருப்பது வழக்கமாயிருந்தது. தாமதத்துக்கு வட்டி கோரும் சட்டம் 1993-இல் வந்தது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் உச்ச வரம்பை 45 நாளாக்கியது. ஆனால் ஆர்டர் தருபவர்மீது வழக்குப் போட்டுவிட்டு அடுத்த ஆர்டரை எதிர்பார்க்க எவரால் முடியும்? காலத்தில் பணம் கொடுக்காதவர், அதைக் கொடுத்துத் தீர்க்கும்வரை அச்செலவை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள முடியாதவாறு 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தம், வழக்கில்லாமல் நெருக்கடி தரும் ஏற்பாடு என்ற வகையில் கவனத்துக்குரியது. சிறுதொழிலுக்கென்று 1967-இல் 47 பொருள்களில் தொடங்கி எண்ணூறைத் தாண்டிய ஒதுக்கீட்டுப் பட்டியல் 2015-இல் முழுவதுமாக நீக்கப்பட்டது. அது பாதுகாப்பாகவும் இருந்தது, வளர்ந்தால் சலுகை போய்விடும் என்பதால் ஒரே குடும்பம் மூன்று பெயர்களில் மூன்று பட்டறை நடத்தும் பழக்கத்துக்கும் வித்திட்டது. 2008 முதல் 2013 வரை மாநிலத்தை வாட்டிய மின்வெட்டும் ‘பவர் ஹாலிடே’யும், ஜெனரேட்டருக்கு டீசல் போட்டுக் கட்டுப்படியாகாத பட்டறைகளை அடைத்துவிட்டன.

அடைத்த கூடங்களின் மனைகள் வெறுமையாகக் கிடக்கவில்லை. 2000-க்குப் பிறகு மென்பொருள் நிறுவனங்களும் அழைப்பு மையங்களும் எஸ்டேட்டுக்கு வந்து, தகரக் கூரைகளுக்கு நடுவே கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்தன. லேத் ஓட்டிச் சம்பாதிப்பதைவிட மனையின் வாடகை மிகுதியான இடங்களில் பட்டறைகள் திருமழிசை, காக்களூர், கும்மிடிப்பூண்டி என்று வெளியே நகர்ந்தன. இதைச் சரிவு என்று மட்டும் கூறுவதற்கில்லை. ஆனால் நடந்து போய்ப் பக்கத்துப் பட்டறையில் ஒரு டூலைத் தீட்டி வாங்கும் நெருக்கம் குலைந்தபோது, அறிவு கைமாறும் வேகமும் குறைந்தது.

புத்தொழிலுக்கான ஏற்பாடுகள் இப்பின்னணியில்தான் வருகின்றன. ஆவடி வேல்டெக் பல்கலைக்கழக வளாகத்தில், நடுவண் அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை ஆதரவோடு தொழில் அடைகாப்பகம் ஒன்று இயங்குகிறது. அடைகாப்பகம் என்பது இளம் நிறுவனத்துக்கு இடமும் கருவியும் ஆலோசனையும் சில ஆண்டுகளுக்குத் தரும் அமைப்பு. 2018 ஏப்ரலில் சென்னையை அடுத்த திருவிடந்தையில் நடந்த ராணுவத் தளவாடக் கண்காட்சியில் ஐடெக்ஸ் என்ற திட்டம் தொடங்கப்பட்டு, படைகளின் தேவைகளைப் போட்டிக் கேள்விகளாக அறிவித்துச் சிறு நிறுவனங்களுக்கு நிதி தரும் வழி திறந்தது. 2019 ஜனவரியில் திருச்சியில் தொடங்கிவைக்கப்பட்ட ராணுவத் தொழில் வழித்தடத்தின் ஐந்து முனையங்களுள் சென்னையும் ஒன்று. 2024 நவம்பரில் பட்டாபிராமில் 21 மாடிகளுடன் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. மேசையும் இணைய வசதியும் போதும் என்ற தொழில்களுக்கு இவை பொருத்தமானவையே.

உலோகத்தில் பொருள் செய்ய விரும்பும் இளம் நிறுவனத்தின் நிலை வேறு. அதற்கு வேண்டியது மாதிரி உருப்படி ஒன்றோ இரண்டோ. ஜாப் ஆர்டர் பட்டறையின் கணக்கோ ஆயிரக்கணக்கில் ஓடும் உருப்படிகளின்மேல் செட்டிங் செலவைப் பரப்பிவிடும் கணக்கு. ஒரே உருப்படிக்காக மெஷினை நிறுத்திக் கருவி மாற்றினால் அன்றைய வருமானம் போய்விடும். கருத்து வைத்திருப்பவரும் கை வைத்திருப்பவரும் இருபது கிலோமீட்டருக்குள் இருந்தும் ஒருவரையொருவர் எட்டாமல் இருப்பதற்கு இந்தக் கணக்கு ஒரு காரணம். அடைகாப்பகங்கள் மேசைக்குச் செலவிடும் தொகையில் ஒரு பகுதியை எஸ்டேட்டின் செட்டிங் நேரத்தை விலைக்கு வாங்குவதற்குச் செலவிட்டிருந்தால் இவ்விடைவெளி ஓரளவு அடைபட்டிருக்கும்.

இதற்கிடையே தொழில்நுட்பமே வேறு திசையில் நகர்ந்துவிட்டது. 2024 மே 30 அன்று, பழவேற்காடு ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டாவில், சென்னை ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்காவில் வளர்ந்த அக்னிகுல் நிறுவனம் தன் சோதனை ராக்கெட்டைச் செலுத்தியது. அதன் எந்திரம் முப்பரிமாண அச்சு முறையில் ஒரே துண்டாக உருவாக்கப்பட்டது. பல நூறு பாகங்களாகப் பிரித்துப் பல பட்டறைகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பதன்மேல் எழுந்ததுதான் ஜாப் ஆர்டர் முறை. அப்பாகங்களையே இல்லாமல் ஆக்கும் உற்பத்தி முறையில் அதற்கு இடம் சிறிது. மின்வாகனமும் அதே திசையில் செல்கிறது. பிஸ்டன், வால்வு, கியர், கார்புரேட்டர் என்று டீசல், பெட்ரோல் எந்திரம் கேட்ட பாகங்களில் பெரும்பகுதியை மின்மோட்டார் கேட்பதில்லை. கும்மிடிப்பூண்டி வட்டத்து மாநெல்லூரில் மின்வாகனப் பூங்கா அமைக்கத் திட்டமிட்டிருக்கும் சிப்காட், அங்கே பேட்டரிக்கும் மோட்டாருக்கும் பெரிய நிறுவனங்களைத் தேடுகிறது. வால்வு கைடு கடைந்து வந்த பட்டறைகள் பேட்டரி உறையும் மோட்டார் தண்டும் செய்து தர, எந்த ஆலையின் வரைபடம் தமக்குக் கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டிருக்கின்றன.